தலைக்கட்டு வரியில்லாத திருநாள்: சிற்றூர்களில் விடுதலை விழா

முன்னுரை

தமிழர் விழாக்களைப் பற்றிய ஆராய்ச்சிகள் பல வெளிவந்துள்ளன. இந்திர விழாவும் பங்குனி விழாவும் கார்த்திகை விளக்கீடும் இலக்கியச் சான்றுகளோடு விரிவாக ஆராயப்பெற்றுள்ளன. சிற்றூர்க் கோயில்களின் கொடை விழா, தேர்த் திருவிழா, பூச்சொரிதல் ஆகியனவும் அறிஞர் கருத்தை ஈர்த்துள்ளன. ஆயின், ஆண்டுதோறும் ஆகஸ்டு 15ஆம் நாள் சிற்றூர்தோறும் கொடியேற்றிக் கொண்டாடப்பெறும் விடுதலைத் திருநாளை, ஊர்விழாக்களுள் ஒன்றாக வைத்து நோக்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றவில்லை. அஃது அரசினர் விழா என்றும், பள்ளிப் பிள்ளைகள் மிட்டாய் பெற்றுத் திரும்பும் காலை நிகழ்ச்சி என்றும் கருதி ஒதுக்கிவிடுகின்றோம். இவ்வாறு ஒதுக்குதல் பொருந்தாது என்பது எம் கருத்து. ஓர் ஊரின் பழைய விழாக்களோடு ஒப்பிட்டுக் காணுங்கால், இத்திருநாளின் தனித்தன்மையும் அதன் குறையும் ஒருங்கே விளங்கும்.

இவ்வாராய்ச்சிக்கு இளையாத்தங்குடியைத் தொடக்கமாகக் கொள்கின்றோம். சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூர் வட்டாரத்தைச் சார்ந்த இச்சிற்றூர், கைலாசநாதரும் நித்திய கல்யாணியும் எழுந்தருளியுள்ள திருக்கோயிலால் பெயர் பெற்றது. நகரத்தார்க்குரிய ஒன்பது கோயில்களுள் முதலில் வைத்து எண்ணப்பெறுவது. கி.பி. 707ஆம் ஆண்டளவில் பாண்டியன் இவ்வூரைத் தம் முன்னோர்க்கு வழங்கினான் என்பது நகரத்தார் மரபுவழிச் செய்தி. விழாவில் யார்க்குப் பங்கு உண்டு, அப்பங்கு எதனால் வருகின்றது என்னும் வினாக்களுக்கு மிகத் தெளிவான விடையை இவ்வூர் மரபு தருகின்றது. ஆதலின் இதனினும் ஏற்ற தொடக்கம் வேறில்லை.

பங்கும் விழாவும்

நகரத்தார் மரபில் ஒருவர் ஒரு கோயிலைச் சேர்ந்தவர் என்பது பிறப்பால் அமைவது; திருமணத்தால் உறுதி பெறுவது. மணம் நிகழுங்கால் கோயிலிலிருந்து மாலை வருதல் வேண்டும். அவ்வாறு மணம் புரிந்தோர் ஒரு புள்ளியாக எண்ணப்பெறுவர். கணவனும் மனைவியும் கூடியது முழுப்புள்ளி. கணவனை இழந்தவர் அரைப்புள்ளி. புள்ளிக்கு இவ்வளவு என வரி வகுக்கப்பெறும். அவ்வரியால் கோயிற்பணியும் விழாவும் நிகழும். புள்ளி என்னும் இச்சொல் வெறுங் கணக்குச் சொல் அன்று. இவர் எம்முள் ஒருவர் என்னும் ஏற்பினையும் குறிப்பது.

இம்முறை நகரத்தார்க்கு மட்டும் உரியதன்று. தென்பாண்டி நாட்டுச் சிற்றூர்களில் அம்மன் கொடைக்கும் அய்யனார் புரவி எடுப்புக்கும் தலைக்கட்டு வரி வாங்குவதைக் காண்கின்றோம். மணமான ஆண்மகனைத் தலைவனாகக் கொண்ட குடும்பம் ஒரு தலைக்கட்டு. வரி கொடுத்தவர்க்கே விழாவில் உரிமை உண்டு. திருநீறு, மாலை, பரிவட்டம் ஆகிய மரியாதைகள் முறைப்படி வழங்கப்பெறும். யார்க்கு முதல் மரியாதை என்பது ஊரின் நிலவுரிமையையும் குடிவரிசையையும் ஒருங்கே காட்டுவது. சிலரிடம் வரி பெறுதலே இல்லை. இஃது அவர்க்குச் செய்த சலுகை போலத் தோன்றும். உண்மையில், வரி பெறாமை பங்கு கொடாமைக்குரிய வழியாகும். ஊரார் ஒருவரைத் தள்ளிவைக்க எண்ணினும் முதலிற் செய்வது அவர் கொடுக்கும் வரியை வாங்க மறுத்தலேயாம்.

விழாவுக்கு ஊரின் இசைவு வேண்டும் என்பது பழைய வழக்கு. மணிமேகலையின் விழாவறை காதை, இருபத்தெட்டு நாள் நிகழும் இந்திர விழாவை முரசறைந்து அறிவிக்கும் செய்தியைக் கூறுவது. தெருக்களில் புதுமணல் பரப்புமாறும், பகையும் பூசலும் விட்டு விலகுமாறும் அங்கு மக்கள் வேண்டப்பெறுகின்றனர். இன்றும் ஊரில் வழக்கு மூண்டுவிடின் கொடை நின்றுபோதலைக் காண்கின்றோம். ஆகவே, ஊர்விழா ஒற்றுமையின் அடையாளம் என்பது உண்மை. ஆயின் அவ்வொற்றுமை யார் யார்க்கிடையே அமைந்தது என்று வினவுதல் ஆராய்ச்சியாளர் கடன். தலைக்கட்டுக் கணக்கேட்டில் பெயர் உள்ளவர்க்கிடையே அமைந்தது என்பதே விடையாகும்.

நாள்மீன் இல்லாத நாள்

இத்தகைய ஊர்களுக்கு 1947ஆம் ஆண்டு ஒரு புதிய விழா வந்தது. அதற்கு நாள்மீன் இல்லை, திதி இல்லை, தலபுராணம் இல்லை. சப்பான் அடிபணிந்ததன் இரண்டாம் ஆண்டு நிறைவாக அமைந்தமையால், மவுண்ட்பேட்டன் ஆகஸ்டு 15ஐத் தேர்ந்தார். அதற்கு முன் விடுதலை நாள் எனக் கொள்ளப்பெற்றது சனவரி 26. 1929ஆம் ஆண்டு இறுதியில் இலாகூரில் கூடிய காங்கிரசு முழு விடுதலையைக் குறிக்கோளாக ஏற்றது. அதனையொட்டி 1930 சனவரி 26 முதல் ஆண்டுதோறும் மக்கள் உறுதிமொழி ஏற்றுக் கொண்டாடிவந்தனர். அந்நாளின் நினைவைப் போற்றியே 1950 சனவரி 26இல் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. ஆகவே, தடையை மீறிக் கொண்டாடிய நாள் குடியரசு நாளாயிற்று. அயலார் குறித்த நாள் விடுதலைத் திருநாளாயிற்று.

1947 ஆகஸ்டு 15 வெள்ளிக்கிழமை; ஆடித் திங்களின் கடைசி வெள்ளி. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் பெண்டிர் அம்மன் கோயிலுக்குச் சென்று வழிபடும் நாள் அது. நாட்டின் புதிய விழாவும் ஊரின் பழைய வழிபாடும் அன்று ஒரே நாளில் அமைந்தன. நாள் பார்த்து அமைத்தது அன்றெனினும், இவ்வொருமைப்பாடு நினைந்து பார்த்தற்குரியது.

அந்நாளின் பொருள் குறித்துத் தமிழகத்தில் ஒருமித்த கருத்து இருக்கவில்லை என்பதையும் மறைத்தல் ஆகாது. பெரியார் அதனைத் துக்க நாள் என்றார். ஆட்சி கை மாறியதேயன்றி மக்கள் விடுதலை பெறவில்லை என்பது அவர் கொள்கை. அவர் இயக்கத்திலேயே இருந்த அண்ணா அதனை ஏலாது, அயலாட்சி நீங்கிய இன்ப நாள் என்று எழுதினார். இருவேறு கருத்துகளும் இந்நாள் யார்க்கு உரியது என்னும் ஒரே வினாவிலிருந்து எழுந்தவை. தலைக்கட்டுக் கணக்கேடு எழுப்பும் வினாவும் இதுவே.

செட்டிநாட்டைப் பொறுத்தவரை விடுதலை உணர்ச்சி திடீரென வந்ததன்று. 1801ஆம் ஆண்டு சூன் 16ஆம் நாள் மருதுபாண்டியர் வெளியிட்ட அறிக்கை திருச்சிராப்பள்ளியிலும் திருவரங்கத்திலும் ஒட்டப்பெற்றது. நால்வகை வருணத்தாரையும் முசுலிம்களையும் ஒருங்கே விளித்து எழுதப்பெற்றது அது. அவ்வாண்டு அக்டோபர் 24இல் அவர்கள் தூக்கிலிடப்பெற்ற திருப்பத்தூர் இளையாத்தங்குடிக்கு அணித்தேயுள்ளது. பாரதியார் 1919இல் காரைக்குடிக்கு வந்து இந்து மதாபிமான சங்கத்தாரோடு தங்கினார். காந்தியடிகள் 1927 செப்டம்பரில் இப்பகுதி ஊர்கள் பலவற்றிற்குச் சென்று கதர் நிதி திரட்டினார். 1942 ஆகஸ்டில் தேவகோட்டையில் நீதிமன்றம் தீக்கிரையாயிற்று. திருவாடானைச் சிறையை மக்கள் உடைத்துச் சின்ன அண்ணாமலையை மீட்டனர். துப்பாக்கிச் சூட்டில் உயிர் நீத்தோர் பலர். 1947 ஆகஸ்டு 11ஆம் நாள், விடுதலைக்கு நான்கு நாள் முன்னர், அழகப்பச் செட்டியார் காரைக்குடிக் காந்தி மாளிகையில் கல்லூரியைத் தொடங்கினார்.

எனினும் அவ்வாகஸ்டு 15 எல்லார்க்கும் ஒரு தன்மைத்தாக விடியவில்லை. சமீன் முறை அன்றும் நிலைபெற்றிருந்தது. அதனை ஒழிக்கும் சட்டம் 1948இல்தான் வந்தது. இவ்வட்டாரத்திற்கு வடக்கே எல்லை கடந்தால் புதுக்கோட்டைத் தொண்டைமான் ஆட்சி. அச்சமத்தானம் இந்திய நாட்டோடு இணைந்தது 1948 மார்ச்சு 3இல். ஆகவே அருகருகே உள்ள இரு சிற்றூர்களில் விடுதலை இருவேறு நாளில் வந்தது எனல் பிழையாகாது.

பண்ணைக்காரன் இல்லாத பள்ளு

1947 ஆகஸ்டு 14ஆம் நாள் நள்ளிரவில் சென்னை வானொலி நிலையத்தில் டி. கே. பட்டம்மாள் பாரதியின் விடுதலைப் பாடலைப் பாடினார். பல ஆண்டுகளுக்கு முன்னரே விடுதலை வந்துவிட்டதாகக் கொண்டு கவிஞர் பாடிவைத்த பாடல் அது. தமிழாராய்ச்சியாளர் ஈண்டுக் கருதற்குரியது அதன் இலக்கிய வகை. அதற்குக் கவிஞர் இட்ட பெயர் ‘சுதந்திரப் பள்ளு’. பள்ளர் களியாட்டம் என்னும் குறிப்பும் அதற்கு உண்டு.

பள்ளு என்பது உழுதொழிலாளர் வாழ்வைப் பாடும் சிற்றிலக்கியம். முக்கூடற்பள்ளு அவ்வகையுள் தலைசிறந்தது. மழை வருதல், ஆறு பெருகுதல், வித்து வகை, மாட்டு வகை, உழவு, நடவு எனப் பள்ளு நூல்கள் வேளாண்மையின் முழுவடிவையும் காட்டுகின்றன. அவற்றுள் பள்ளன் உண்டு. மூத்த பள்ளியும் இளைய பள்ளியும் உண்டு. இவர்களை ஏவுதற்கும் தண்டித்தற்கும் பண்ணைக்காரன் உண்டு. பள்ளனைத் தொழுமரத்தில் மாட்டுதல் இவ்வகை நூல்களில் வழக்கமாக வரும் நிகழ்ச்சி. அது நகைச்சுவையாகப் பாடப்பெறினும், உழைப்பவன் உடல் பிறர்க்கு உரியது என்னும் நிலையை ஐயமின்றிக் காட்டுவது.

நாட்டு விடுதலையைப் பாடுதற்குப் பரணியும் இருந்தது, உலாவும் இருந்தது, பிள்ளைத்தமிழும் இருந்தது. அவற்றை விடுத்துக் கவிஞர் பள்ளினைத் தேர்ந்தார். தேர்ந்து, அதிலிருந்து பண்ணைக்காரனை நீக்கினார். ஏவுவோன் இல்லை, தொழுமரம் இல்லை, களிப்போர் மட்டுமே உளர். இவ்வகை மாற்றத்தை வெறும் வடிவப் புதுமையாக யாம் கருதவில்லை. விடுதலை விழாவில் முதல் மரியாதை யார்க்கு என்னும் வினாவிற்குக் கவிஞர் முன்கூட்டியே தந்த விடையாகக் கருதுகின்றோம். தலைக்கட்டுக் கணக்கேட்டில் இடம்பெறாதவன் வாயில் விழாப் பாடலை வைத்தமையே அவ்விடை.

வடமும் கயிறும்

கவிஞர் தந்த விடையை ஊர்கள் ஏற்றனவா? இதனை ஆராய்தற்கு இரு கயிறுகளை ஒப்பிடுவோம். ஒன்று தேரின் வடம். மற்றொன்று கொடிமரத்தின் கயிறு.

இதே சிவகங்கை மாவட்டத்தில் தேவகோட்டையை அடுத்த கண்டதேவியில் சொர்ணமூர்த்தீசுவரர் கோயில் உள்ளது. அதன் ஆனித் தேர் உஞ்சனை, செம்பொன்மாரி, இரவுசேரி, தென்னிலை ஆகிய நான்கு நாட்டாரின் மரபுரிமையோடு பிணைந்தது. ஒடுக்கப்பட்ட மக்களும் வடம் பிடிக்க வேண்டும் என்னும் கோரிக்கை 1998 முதல் நீதிமன்றத்திலும் ஊரிலும் பெருவழக்காயிற்று. தேர் பல்லாண்டுகள் ஓடவில்லை. உயர்நீதிமன்றத்தின் தலையீட்டிற்குப் பின் 2024 சூன் திங்களில் காவலர் சூழ ஓடியது. 1947ஆம் ஆண்டுக் கோயில் நுழைவு உரிமைச் சட்டம், விடுதலை பெற்ற அவ்வாண்டிலேயே வாயிலைத் திறந்தது. வடத்தின் மேல் கை வைத்தற்கோ அதன் பின்னும் நெடுங்காலம் வேண்டியிருந்தது.

கொடிக்கயிற்றின் நிலை வேறு. அதற்கு நாட்டார் இல்லை, பரிவட்டம் இல்லை. குடியரசு நாளில் கொடி உச்சியிலேயே கட்டப்பெற்று விரிக்கப்பெறும். விடுதலை நாளிலோ அடியிலிருந்து கயிற்றால் இழுத்து ஏற்றப்பெறும். ஊராட்சியில் அக்கயிற்றைப் பிடிக்கும் உரிமை ஊராட்சித் தலைவர்க்கு உரியது. தலைவரைத் தேர்பவர் 18 வயது நிரம்பிய ஊரார் அனைவரும். அரைப்புள்ளி என்பது வாக்காளர் பட்டியலில் இல்லை; கணவனை இழந்தவர்க்கும் ஒரு வாக்கு; நிலம் இல்லாதவர்க்கும் ஒரு வாக்கு.

சட்டம் இவ்வாறு இருப்பினும் வழக்கம் உடனே வழிவிடவில்லை. மதுரை மாவட்டத்து மேலவளவில் ஊராட்சித் தலைவர் பதவி ஒடுக்கப்பட்டோர்க்கென ஒதுக்கப்பட்டபோது, அதற்குத் தேர்ந்தெடுக்கப்பெற்ற முருகேசனும் உடனிருந்தோரும் 1997 சூன் 30ஆம் நாள் வெட்டிக் கொல்லப்பட்டனர். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் 1996 முதல் தடைப்பட்டிருந்த தேர்தல் 2006இல்தான் முறையாக நிகழ்ந்தது. 2020 ஆகஸ்டு 15 அன்று திருவள்ளூர் மாவட்டத்து ஆத்துப்பாக்கத்தில், ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பெண் ஊராட்சித் தலைவர் கொடியேற்றவிடாது தடுக்கப்பெற்றார். சில நாள்களில் மாவட்ட ஆட்சியரே சென்று அவர் கையால் கொடியை ஏற்றச் செய்தார். 2022 ஆகஸ்டில், இத்தகைய தலைவர்கள் இடையூறின்றிக் கொடியேற்றுவதை உறுதிசெய்யுமாறு தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். விடுதலை பெற்று முக்கால் நூற்றாண்டு கழிந்த பின் இத்தகைய கடிதம் வேண்டியிருந்தது.

இச்செய்திகளைக் காட்டி, விடுதலைத் திருநாள் பொய்யாயிற்று என்பர் சிலர். அவர் கூற்றின் துயரை உணர்கின்றோம், முடிவை ஏற்றிலோம். தேர்வடத்தைப் பற்றிய வழக்கில் மரபுரிமை என்னும் வாதம் ஒன்று முன்வைக்கப்பெற்றது. கொடிக்கயிற்றுக்கு எதிராக அத்தகைய வாதம் ஒன்றையும் முன்வைக்க இயலாது. இது எம் பாட்டன் பிடித்த கயிறு என்று எவரும் கூற முடியாது. தடுத்தோர் வலிமையால் தடுத்தனரேயன்றி உரிமையால் தடுக்கவில்லை. ஊரின் விழாக்கள் அனைத்தினும் இஃது ஒன்றே தொடக்கத்திலேயே பங்குரிமையைப் பிறப்பினின்றும் பிரித்த விழா என்பது இதனாற் பெறப்படும்.

ஊரவையும் கிராம சபையும்

இனி இத்திருநாளின் குறையையும் கூறுதல் வேண்டும். வரி கொடுத்த விழாவை ஊரார் தம் விழா என்கின்றனர். பிழைப்புக்காகத் தொலைவில் வாழ்வோரும் கொடைக்கு ஊர் திரும்புகின்றனர். நகரத்தார் எந்நாட்டில் வாழினும் புள்ளி வரியை மறவாமையும் இதனாலேயே. வரியில்லாத விழாவுக்கோ உரியவர் எல்லாரும். எல்லார்க்கும் உரியது ஒருவர்க்கும் உரியதன்று என்னும் நிலை எளிதில் வந்துவிடுகின்றது. கொடியேற்றத்தில் ஆசிரியரும் பிள்ளைகளும் ஊராட்சிப் பணியாளரும் நிற்க, ஏனையோர் வேலைக்குச் செல்லும் காட்சி நமக்குப் புதிதன்று.

இக்குறைக்குரிய மருந்து அந்நாளிலேயே வைக்கப்பெற்றுள்ளது. 1993இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 73ஆம் திருத்தமும், 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் கிராம சபைக்கு இடமளித்தன. சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாள்களில் அது கூடும் வழக்கம் ஏற்பட்டது. 2022 முதல் மார்ச்சு 22, நவம்பர் 1 ஆகியனவும் சேர்க்கப்பெற்றன. ஊராட்சியின் வாக்காளர் அனைவரும் அதன் உறுப்பினர். வரவு செலவுக் கணக்கு அங்குப் படிக்கப்பெறுதல் வேண்டும். தீர்மானங்கள் பதிவேட்டில் எழுதப்பெறுதல் வேண்டும்.

கிராம சபையைச் சோழர் கால ஊரவையின் வழித்தோன்றல் எனப் பாராட்டுவோர் பலர். உத்தரமேரூர்க் கல்வெட்டை இதற்குச் சான்றாகக் காட்டுவர். முதற் பராந்தகன் காலத்து 921ஆம் ஆண்டுக் கல்வெட்டின் குடவோலை முறை போற்றத்தக்கதே. கணக்குக் காட்டாதவரையும் அவர் உறவினரையும் அது விலக்கியது. ஆயினும் அங்குப் பெயர் எழுதப்பெறுதற்கு வேண்டிய தகுதிகளை நோக்குக: வரி செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலம், சொந்த மனையில் வீடு, முப்பத்தைந்திற்கு மேல் எழுபதுக்கு உட்பட்ட வயது, வேதப் பயிற்சி. அது பிரமதேய ஊரின் சபை. நிலமும் கல்வியும் உடைய ஆடவர் அவை. அதுவும் ஒருவகைத் தலைக்கட்டுக் கணக்கே. கணக்குக் கேட்கும் வழக்கத்தை அங்கிருந்து பெற்றோம் எனலாம். யார் கேட்கலாம் என்பதை அங்கிருந்து பெறவில்லை. நூறு நாள் வேலைக்குச் செல்லும் பெண் ஒருத்தி எழுந்து, குடிநீர்த் தொட்டிக்கு எழுதிய செலவு எங்கே என்று கேட்கும் அவை உத்தரமேரூரில் இருந்ததில்லை.

ஆகஸ்டு 15 அன்று காலையில் ஏற்றும் கொடியும் அன்று கூடும் சபையும் ஒரு விழாவின் இரு பகுதிகள் என்று கொள்ளுதல் தகும். வரி கொடுத்துப் பெறும் உரிமைக்கு மாற்றாக, வினவிப் பெறும் உரிமை அங்கு வைக்கப்பெற்றுள்ளது. அறநிலையத் துறைக்குட்பட்ட திருக்கோயில்களில் அந்நாளில் நிகழும் பொது விருந்தும் இவ்வகையில் கருதத்தக்கது. ஆண்டு முழுதும் பங்கும் முறையும் பார்க்கும் இடத்தில், ஒரு நாள் ஒரே வரிசையில் இலை போடப்பெறுகின்றது. ஒரு நாள் நிகழ்வதனால் அஃது எளியது எனத் தோன்றலாம். விழா என்பதே ஒரு நாளில் காட்டி ஓராண்டுக்கு நினைவூட்டுவதன்றோ!

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று செய்திகள் பெறப்படும். ஒன்று, சிற்றூரின் பழைய விழாக்களில் உரிமை வரியால் வந்தது. வரி பிறப்பால் வகுக்கப்பெற்றது. இரண்டு, விடுதலைத் திருநாள் அவ்விழாக்களின் கொடியேற்றம், கூட்டம், இனிப்பு ஆகிய புறவடிவங்களை ஏற்றும், பங்கின் அடிப்படையை மாற்றியும் அமைந்தது. பாரதி பள்ளு இலக்கியத்துக்குச் செய்த மாற்றமும் இதனோடு ஒத்தது. மூன்று, அம்மாற்றம் இன்னும் முற்றுப்பெறவில்லை. கயிற்றைப் பிடிக்க வந்த கையைத் தடுத்த நிகழ்ச்சிகள் அதற்குச் சான்று.

ஆராய்ச்சி மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். கோயில் விழாக் கணக்கேடுகளைத் தேடும் ஊக்கத்தோடு ஊராட்சித் தீர்மானப் பதிவேடுகளையும் தேடுதல் வேண்டும். 1947இல் பள்ளிப் பிள்ளைகளாக இருந்தோர் இன்று எண்பதைக் கடந்துவிட்டனர். அவ்வாடி வெள்ளியன்று தம் ஊரில் கொடியேற்றியவர் யார், சூழ நின்றவர் யார், தொலைவில் நின்றவர் யார் என்பதை அவர் வாய்மொழியாகக் கேட்டு எழுதுதல் வேண்டும். கல்வெட்டில் இல்லாத அச்செய்திகள் அவர் நினைவில் மட்டுமே உள்ளன. காலந்தாழ்த்தின் அவற்றை இழப்போம்.

புள்ளிக் கணக்கு எழுதிய இளையாத்தங்குடி மரபு, எவரையும் விடாது எண்ணும் ஒழுங்கினை நமக்குக் கற்பித்தது. அவ்வொழுங்கினை ஊரார் அனைவர்க்கும் விரித்தலே விடுதலைத் திருநாள் நம்மிடம் வேண்டுவது.